கழுவாத தகடு

இரண்டு தகடுகள் என் பொறுப்பில்.
ஒன்றைத் தினமும் விடியுமுன் துடைக்கிறேன்.
மற்றதைத் தொடக்கூடாது.
அதில் விரல் பட்டால்
என் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

துடைத்தது எவ்வளவு தந்தது,
துடைக்காதது எவ்வளவு தந்தது,
கழித்தால் வருவது தூசி.
தராசில் நிற்காத பொருளை
இப்படித்தான் கணக்கில் பிடிக்க வேண்டும்,
வராமல் போன மின்சாரமாக.

குவைத்தில், சால்மி சாலையில்,
ஜஹ்ரா தாண்டி ஒரு மணி நேரம்.
மீதி நாலு லட்சம் தகடுகளை
இரவில் பிரஷ் வண்டிகள் தேய்த்துக்கொண்டு போகின்றன.
தண்ணீர் கிடையாது.
தண்ணீரும் இங்கே எரித்துக் காய்ச்சி எடுப்பதுதான்.
ஏரி என்று நம்பி ஒரு கொக்கு இறங்கியது மார்ச்சில்.
இரண்டடி வழுக்கி நின்று
என்னைத்தான் பார்த்தது.

கேட் பாஸில் என் பெயர் இருளாண்டி.
பொறியாளர் மனாயர் ஒருநாள் அர்த்தம் கேட்டாள்.
இருட்டுக்கு அரபியில் ஒரு சொல் தெரியும் எனக்கு.
என் நாக்கில் அது ‘ஸலாம்’ ஆகிவிட்டது.
வ அலைக்கும் என்று சொல்லிவிட்டுப்
போய்விட்டாள்.

அவள்தான் சொன்னாள்:
காலடியில் எண்ணெய்,
ஆனாலும் கோடையில் வாயு கப்பலில் வருகிறது,
அத்தனை ஏசி.
வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று
சொல்ல வந்தேன்.
ஜிப்தா, என்றேன். சம்ன், என்றேன்.
நடுவில் அலைவதைக் கையால் காட்டினேன்.
சிரிக்கவில்லை.
‘அதற்குத்தான் இது’ என்று வரிசைகளைக் காட்டினாள்.

திறப்பு விழாப் பலகையை
கேம்ப்பில் பேசும் எல்லா மொழியிலும் எழுதச் சொன்னார்கள்.
தமிழ் என் தலையில்.
தற்சார்பு என்று எழுதினேன்.
எழுதும்போது சட்டமும் கண்ணாடியும் சீனாவிலிருந்து வந்த
பெட்டிமேல்தான் உட்கார்ந்திருந்தேன்.
கம்பம் நட்டவன் சில்ஹெட்காரன் ஷஹாதத்,
வயர் இழுத்த இருவர் நேபாளம்,
என் விசா கம்பெனி பெயரில்.
பெயிண்ட் காயுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.
எழுத்துப் பிழை இல்லை.

ஜூலையில் கப்பல் பிந்தியது.
ஐம்பத்தொரு டிகிரி, தார் காலணியோடு வந்தது.
எந்தப் பகுதிக்கு எப்போது மின்வெட்டு என்று
பட்டியல் தயாராகிக்கொண்டிருக்க
மனாயர் போனில் கேட்டாள்:
இன்று தூசி எவ்வளவு?
ஏழு சதம் என்றேன்.
நிச்சயமா என்றாள்.
வாழ்க்கையில் யாரும் என்னிடம்
ஒரு நாட்டுக்காக எதையும் கேட்டதில்லை.
மறுபடி கழித்துப் பார்த்தேன்.
ஏழேகால்.

அந்த மதியம் பட்டியல் வெளியாகவில்லை.
கேம்ப்பில், எட்டுப் பேர் அறையில்,
இரவு ஷிப்ட் முடித்த ஷஹாதத்
ஏசிக்குக் கீழே வாய் திறந்து தூங்கினான்.
அவன் நட்ட கம்பம் அவனுக்குக் காற்று வீசியது
என்று எழுத ஆசைதான்.
மின்சாரத்தில் யார் பெயரும் ஒட்டியிருப்பதில்லை.

ஆறே முக்காலுக்குச் சூரியன் போயிற்று.
சூடு போகவில்லை.
பேட்டரிக் கூடம் இன்னும் வெறும் கான்கிரீட் தரை,
நான்கு போல்ட்டுகள் மேலே பார்த்தபடி.
ஏழரைக்குப் பட்டியல் வந்தது.
முதல் வரியில் எங்கள் கேம்ப்.

எல்லோரும் பாயோடு வெளியே வந்தார்கள்.
தூக்கம் வராதென்று
போன் வெளிச்சத்தில் என் தகடுகளிடம் நடந்தேன்.
கழுவாத தகட்டின் தூசியில்
ஒரு கோடு, கோணலாக,
இரு பக்கமும் பொடிப்பொடியாய் விரல்கள்.
பல்லி.
எந்தத் திசைக்கு என்ன பலன் என்று பார்க்கவில்லை.
பதிவேட்டைத் திறந்து எழுதினேன்:
நாளைய கணக்கில்
ஒரு பல்லி நடந்த அகலத்துக்கு
மின்சாரம் கூடுதலாக வரும்.
துடைத்தது நான் அல்ல.